மீன் மணக்கும் சோறும் மீன் உள்ள சோறும்

கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி எனத் தொடரும் கரையோரத்தில் விடியற்பொழுதிலே நடந்து செல்பவர் கரைவலை இழுக்கும் காட்சியைக் காணாமல் திரும்புதல் அரிது. இரு புறமும் நின்று கயிற்றை இழுப்போரின் கால்கள் மணலில் புதைகின்றன. வலையின் மடி கரையை அணுகுந்தோறும் சூடையும் கீரியும் நெத்தலியும் பாரைக்குஞ்சும் வெள்ளி வெள்ளியாகத் துள்ளுகின்றன. விலைக்கு உரியது கூடைகளிலே நிரப்பப்பட்டபின், இழுத்தவர் ஒவ்வொருவரும் கறிக்கென்று ஒரு பங்கு மீனை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.

துறைமுகத்தின் உட்புறத்தே கொட்பேயில் பலநாட் கலங்கள் ஆழ்கடலிலிருந்து சூரையும் கிளவாலையும் கொண்டு வருகின்றன. அவை பனிக்கட்டியில் அடுக்கப்பெற்று, லொறிகளில் கொழும்புச் சந்தைக்குப் பயணமாகின்றன. கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த மூதூரிலும் கிண்ணியாவிலும் கடல் தொழிலும் வயல் தொழிலும் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமத்து வயல்களில் பாய்கிறது. மகாவலி கடலோடு கலக்கும் கழிமுகப் புறங்களில் எருமைகள் மேய்கின்றன. அவற்றின் பாலிலே உறையும் தயிர் மண்சட்டிகளிற் சந்தைக்கு வருகிறது. சீனக்குடாவில் 1980ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பெரிய ஆலையிலே கோதுமை மாவாகிறது.

நெல்லும் மீனும் பாலும் ஓரிடத்திற் கூடிய இத்தகைய மாவட்டத்தில் புரதக் குறைவு என்று ஒன்று எழ இடமுண்டோ என்று கேட்கத் தோன்றும். ஆயினும், தாய் சேய் நல நிலையங்களிலே குழந்தைகளை நிறுத்துப் பதிவேட்டில் கோடு வரைகின்ற பொதுச் சுகாதார மருத்துவ மாதரைக் கேட்டால், அந்தக் கோடு ஏற வேண்டிய வயதில் ஏறாமல் நிற்கும் பிள்ளைகளும் வருகின்றனர் என்பர். அவர்களுட் சிலர் கடற்கரை வீட்டுப் பிள்ளைகளே. உணவு ஊரில் இருப்பது ஒன்று. அது உரிய வாய்க்குள் உரிய வடிவிற் செல்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்ப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

புரதம் என்பது உடலைக் கட்டும் பொருள். தசை, தோல், மயிர், குருதி, உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகள், நோயை எதிர்க்கும் பொருள்கள் ஆகிய யாவும் புரதத்தினாலே ஆக்கப்படுவன. மாப்பொருளும் கொழுப்பும் விறகு போன்றவை. எரிந்து வெப்பமும் வலிமையும் தருவன. புரதமோ வீடு கட்டும் கல்லும் மரமும் போன்றது. வளர்கின்ற பிள்ளைக்குப் புதுச் சுவர் எழுப்ப அது வேண்டும். வளர்ந்தவர்க்கும் அன்றாடம் தேய்கின்ற சுவரைப் பழுதுபார்க்க அது வேண்டும்.

இப்பொருளுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் 1838ஆம் ஆண்டில் ஒல்லாந்து இரசாயன அறிஞர் முல்டர் என்பவரின் கட்டுரையில் முதன்முதலாக வெளிவந்தது. முதன்மையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. புரதம் ஒரே பொருளன்று என்பதும், அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு கூறுகள் கோக்கப்பட்ட சரம் என்பதும் பின்னரே தெளிவாயின. அக்கூறுகள் இருபது. அவற்றுள் ஒன்பதை மனித உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவின் வழியாகவே பெறவேண்டும். அமெரிக்காவில் ஒஸ்போண், மெண்டல் என்னும் இருவர் சோளத்துப் புரதம் ஒன்றை மாத்திரம் எலிகளுக்குக் கொடுத்து, அவை மெலிவதைக் கண்டனர். அப்புரதத்திற் குறைந்திருந்த லைசின், டிரிப்டோபன் என்னும் இரு கூறுகளைச் சேர்த்த பின்னர் எலிகள் வளரலாயின. 1914ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சி, புரதத்தின் அளவோடு அதன் தரத்தையும் பார்க்கவேண்டும் என்பதை நிலைநாட்டியது.

ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் நாட்டில் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர், கால் வீங்கித் தோல் உரிந்து மயிர் நிறம் மாறிய சிறு பிள்ளைகளைப் பற்றி 1933ஆம் ஆண்டில் எழுதினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, சோளக் கஞ்சியே உணவாகப் பெற்ற மூத்த பிள்ளைகள் அவர்கள். அந்நாட்டு மக்கள் அந்நோய்க்கு வழங்கிய குவாசியோர்க்கர் என்னும் பெயரையே 1935இல் அவர் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அதன்பின் இருபது முப்பது ஆண்டுகள், ஏழை நாடுகளின் பசிக்கெல்லாம் புரதக் குறைவே காரணம் என்று உலகம் பேசியது. 1974இல் மக்லாரன் என்னும் அறிஞர் அக்கருத்தை வன்மையாக மறுத்தார். உணவே போதாத உடல், உண்ட புரதத்தையும் விறகாக எரித்துவிடும் என்பது அறியப்பட்டது. வயிறு நிறையாத பிள்ளைக்குப் புரதத்தை மாத்திரம் ஊட்டுதல், அடுப்புக்கு விறகின்றிக் கதவு நிலையைப் பிளந்து எரிப்பதற்கு ஒப்பாகும். ஆகவே முதலில் வயிறு நிறைய வேண்டும். அந்நிறைவினுள்ளே புரதமும் தக்க அளவில் இருத்தல் வேண்டும் என்பதே இன்றைய கொள்கை.

தக்க அளவு யாது? உலக சுகாதார நிறுவனமும் அதனோடு சேர்ந்த பிற நிறுவனங்களும் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த ஒருவர் தம் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோ கிராமுக்கும் நாள்தோறும் 0.83 கிராம் புரதம் பெறுதல் போதுமானது. அறுபது கிலோ நிறையுள்ள ஆடவருக்கு ஐம்பது கிராம். ஐம்பது கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு நாற்பத்திரண்டு கிராம். கருவுற்ற பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதங்களில் இதற்கு மேலும் ஏறக்குறைய முப்பது கிராம் வேண்டும். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் பத்தொன்பது கிராம் அதிகம் வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்குக் கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்று அதிகம் வேண்டும். பத்துக் கிலோ நிறையுள்ள குழந்தைக்குப் பதினொரு கிராம் என்று கொள்ளலாம். இந்த எண்களை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். உடலின் அளவை வைத்துப் பார்க்கையில், வீட்டிலே மிகுதியாகப் புரதம் வேண்டியவர்கள் தாயும் சிறு பிள்ளையுமே.

இனி அவர்கள் உண்பதைப் பார்ப்போம். மருத்துவ மாது ஒருவருக்கும் இளம் தாய் ஒருத்திக்கும் இடையே நிலையத்தில் நடைபெறக்கூடிய பேச்சு இது:

"தங்கச்சி, பிள்ளைக்கு நேற்று மத்தியானம் என்ன குடுத்தனீங்கள்?"

"சோறும் மீனும்தான், மிசி."

"மீன் குடுத்தனீங்களோ, மீன் குழம்பு குடுத்தனீங்களோ?"

"முள் இருக்குமெண்டு குழம்பில பிசைஞ்சுதான் குடுத்தனான்."

அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. வீட்டில் மீன் சமைத்தது உண்மை. பிள்ளையின் சோற்றில் மீன் மணந்ததும் உண்மை. ஆனால் மீனின் புரதம் அதன் சதையிலேயே தங்கிவிடுகிறது. கொதிக்கும்போது குழம்பில் இறங்குவது உப்பும் புளியும் மணமும் சிறிது எண்ணெயுமே. ஓர் அகப்பைக் குழம்பில் ஒரு கிராம் புரதம் தேறினால் அதுவே அதிகம். கிண்ணியாவில் ஆணம் என்றாலும், பட்டினத்திற் குழம்பு என்றாலும், பாலிற் காய்ச்சிய சொதி என்றாலும் இதுவே நிலை. தேங்காய்ப்பாலிலும் புரதம் சொற்பம். நீர் விட்டு இறுத்த பாலில் இன்னும் சொற்பம். எனவே அப்பிள்ளை உண்டது மீன் மணக்கும் சோறேயன்றி மீன் உள்ள சோறு அன்று.

பருப்புக்கும் இவ்வாறே நேர்கிறது. ஒரு கைப்பிடிப் பருப்பு, அதாவது முப்பது கிராம், ஏழு கிராம் புரதம் தரும். ஆறு பேருள்ள வீட்டில் அந்த ஒரு கைப்பிடியையே நீர்க்கக் காய்ச்சிப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு கிராமே கிடைக்கும். மஞ்சள் நிறம் எல்லார் சோற்றிலும் தெரியும். பருப்பு எவர் வயிற்றிலும் சேராது.

பங்கீட்டில் மற்றொரு வழக்கமும் உண்டு. தொழிலுக்குப் போகும் தந்தைக்கு நடுத்துண்டு; அடுத்து ஆண்பிள்ளைகளுக்கு; பின்னர் வீட்டு முதியவர்களுக்கு; எல்லாரும் உண்டபின் சட்டியில் ஒட்டிய குழம்பைச் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தாய் உண்கிறாள். அது அன்பினால் நேர்வதேயன்றி வஞ்சகத்தினால் நேர்வதன்று. கடலில் இரவு முழுதும் விழித்தவனுக்கு நல்ல துண்டைக் கொடுக்கவேண்டும் என்று எண்ணும் பெண்ணை யார் குறை கூற இயலும்? ஆயினும் வயிற்றிலோ மடியிலோ ஒரு குழந்தையைச் சுமப்பவள் அவள். அவளுடைய தட்டில் மீன் இல்லையெனில் இருவரின் உணவிலே மீன் இல்லை என்று பொருள்.

பெண்ணுக்கு ஊட்டம் வேண்டும் என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் அறியாதவையல்ல. பெண்பிள்ளை பருவமெய்தியதும் உழுந்துக்களி கிண்டி, நல்லெண்ணெய் வார்த்து, முட்டை கொடுத்து ஊட்டும் வழக்கம் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் இன்றும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் சரக்கும் அரைத்துச் சேர்த்து மீன்கறி ஆக்கிக் கொடுப்பர். உழுந்து நூறு கிராமில் இருபத்து நான்கு கிராம் புரதம் உள்ளது; முட்டை ஒன்றில் ஆறு கிராம் உள்ளது. பச்சை முட்டையைவிட வேகவைத்த முட்டையே எளிதிற் செரித்து உடலிற் சேரும் என்னும் ஒரு திருத்தம் தவிர, அப்பழைய முறையிலே குறை காண்பதற்கில்லை. குறை யாதெனில், அந்த மதிப்பு சில கிழமைகளோடு முடிந்துவிடுதலே. களி கிண்டிய வீட்டிலேயே அடுத்த மாதம் அப்பெண்பிள்ளை கடைசியாக உண்ணத் தொடங்குகிறாள்.

அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அரிசியிற் புரதம் இல்லை என்று எண்ணுவோர் உளர். நூறு கிராம் அரிசியில் ஏழு கிராம் புரதம் உண்டு. கோதுமை மாவில் பத்துக்கு மேல் உண்டு. நாள்தோறும் மிகுதியாக உண்பதனால், பல வீடுகளிலே புரதத்தின் பெரும்பகுதி சோற்றிலும் பாணிலுமிருந்தே வருகிறது. ஆனால் தானியங்களில் லைசின் குறைவு. பயறு, பருப்பு, உழுந்து, கடலை, கௌபி ஆகியவற்றில் லைசின் மிகுதி. மெத்தியோனின் என்னும் மற்றொரு கூறு அவற்றிற் குறைவு. தானியத்திலோ அது போதிய அளவு உண்டு. எனவே சோறும் பருப்பும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. பயறுச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பற்றிச் செடிக்கு உதவுகின்றன. அதனாலேதான் பயற்றினங்கள் புரதத்திற் சிறந்து விளங்குகின்றன.

இந்தச் சேர்க்கையை அமினோ அமிலம் என்ற பெயர் அறியாத முன்னோரே சமையலிற் கண்டுவைத்தனர். அரிசியும் உழுந்தும் சேர்ந்த தோசையும் இட்டலியும், வறுத்த பயறு இட்ட பொங்கலும், பயற்றங் கஞ்சியும், பயற்றம் பணியாரமும், உழுத்தம்மாக் கலந்த பிட்டும் இதற்குச் சான்று. கோணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் வீட்டிலே மீன் இல்லாத நாளில் பருப்பும் தயிரும் அவ்விடத்தை நிரப்பும். நோன்பு மாதத்து மாலையிலே மூதூரிலும் கிண்ணியாவிலும் காய்ச்சும் கஞ்சியிலே அரிசியோடு பயறும் இறைச்சியும் சேரும். மரக்கறி உண்போரும் மீன் உண்போரும் இறைச்சி உண்போரும் தத்தம் வழியிலேயே போதிய புரதம் பெறலாம். எவரும் தம் வழக்கத்தைக் கைவிட வேண்டுவதில்லை.

மரவள்ளியின் நிலை வேறு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதற்கு முந்திய மாதத்திலேயே ரங்கூன் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையிற் பங்கீட்டு அரிசிமுறை தொடங்கியது. அக்காலத்திற் பல வீடுகளின் பசியைத் தாங்கியது மரவள்ளிக் கிழங்கு. அது நல்ல விறகு. ஆயின் நூறு கிராம் கிழங்கிற் புரதம் ஒன்றரைக் கிராமைத் தாண்டாது. ஆதலின் அவித்த மரவள்ளியைச் சம்பலோடு மாத்திரம் உண்ணும் வீட்டுக்கும், ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாட்டையோ கௌபியையோ சேர்த்து உண்ணும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

விலையைக் கேட்டவுடன் சிலர் மனம் தளர்வதுண்டு. பாரையும் அறுக்குளாவும் வாங்க இயலாதவர் நல்ல உணவுக்குத் தகுதியற்றவர் என்று எண்ணுதல் தவறு. பெரிய மீனின் சதையிலும் சிறிய சூடையின் சதையிலும் புரதம் ஏறக்குறைய ஒரே அளவினதே. நூறு கிராமுக்குப் பதினெட்டு முதல் இருபத்திரண்டு கிராம் வரை. முள்ளோடு உண்ணக்கூடிய சிறு மீனில் சுண்ணாம்புச் சத்தும் கூட வருகிறது. அன்றியும், வாள்மீன், பெருஞ்சுறா போன்ற பெரிய மீன்களின் உடலில் பாதரசம் மிகுதியாகச் சேருமாதலால், கருவுற்ற பெண்கள் அவற்றைக் குறைத்துச் சிறு மீன்களை உண்பதே நன்று. விலை குறைந்தது தரம் குறைந்தது என்னும் எண்ணம் மீன்கடையிற் பொருந்தாது.

சிறு குழந்தைக்கு முள் அஞ்சத்தக்கதே. அதற்கு வழியும் சமையலறையிலேயே உண்டு. அவித்த மீனைக் கையால் உதிர்த்து, விரல்களால் ஒருமுறைக்கு இருமுறை தடவி முள் நீக்கி, அச்சதையைச் சோற்றோடு பிசையலாம். சதையை வறையாக்கிப் பிட்டோடு கலக்கலாம். தலை நீக்கிய நெத்தலியை உப்பின்றி வெயிலில் நன்றாக உலர்த்தி, வறுத்து இடித்துச் சலித்த தூளை நாள்தோறும் ஒரு தேக்கரண்டி கஞ்சியிற் கலக்கலாம். உலர்ந்த நெத்தலியின் நிறையிற் பாதிக்கு மேலும் புரதமாகவே இருப்பதுண்டு. வாடைக்காற்று வீசும் கார்த்திகை முதல் தை வரையிலான காலத்திலே கிழக்குக் கரையிற் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் பல நாள் கரையிலேயே கிடக்கும். கடல் அமைதியான மாதங்களில் மலிவாகக் கிடைக்கும் மீனை உலர்த்தி வைப்பது அக்காலத்துக்கு உதவும். உப்பிட்ட கருவாடாயின், சமைக்குமுன் நீரில் ஊறவைத்து உப்பைக் குறைத்தல் வேண்டும். குருதி அழுத்த நோயுடையோர் அதை அளவோடு கொள்ளுதல் வேண்டும்.

காற்று மாத்திரம் வள்ளத்தை நிறுத்துவதில்லை. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகளுக்கு அதுவே எரிபொருள். எண்ணெய் வாங்க இயலாதவர் கடலுக்குச் செல்ல இயலாதவர் ஆயினர். அதே ஆண்டில் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியமையால், கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்து கப்பலேறி வருகின்ற மைசூர்ப் பருப்பும் எட்டா விலைக்குப் போயிற்று. மீனையும் இறக்குமதிப் பருப்பையும் மாத்திரம் நம்பிய சமையலறைக்கு அவ்வாண்டு கற்பித்த பாடம் கடுமையானது.

அப்பாடத்தை மறவாதிருக்க வேண்டும். பெரும்போக நெல் அறுத்தபின் நீர் போதாமற் கிடக்கும் வயலிலே பச்சைப்பயறும் கௌபியும் குறைந்த ஈரத்தில் விளையும், இரண்டு மூன்று மாதத்தில் அறுவடைக்கு வரும், மண்ணையும் வளப்படுத்தும். வீட்டு வேலியில் முருங்கை நிற்கலாம். கொல்லையில் பயற்றை படரலாம். நான்கு கோழிகள் மேயலாம். கச்சான் நூறு கிராமில் இருபத்தைந்து கிராம் புரதம் உண்டு. எள்ளிற் பதினெட்டு உண்டு. கடைகளில் 'சோயா மீற்' என விற்கும் உலர்ந்த சோயாத் துண்டுகளில் நிறையிற் பாதியளவு புரதம் உண்டு. அதனுடன் வரும் உப்பு மிகுந்த சரக்குப் பொடியைக் குறைத்துக்கொண்டு, வீட்டு மிளகாய்த்தூளிற் சமைப்பது நன்று. இவற்றுள் ஒன்று கிடைக்காத நாளில் மற்றொன்று கைகொடுக்கும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். பாலூட்டும் ஐம்பது கிலோ நிறையுள்ள தாய்க்கு நாற்பத்திரண்டும் பத்தொன்பதும் கூட்டி அறுபத்தொரு கிராம் புரதம் வேண்டும் என்று கண்டோம். அவள் ஒருநாளில் மூன்று வேளைக்கும் அரிசியும் அரிசிமாவுமாக முந்நூற்றைம்பது கிராம் கொண்டால் இருபத்தைந்து கிராம் கிடைக்கும். சம்பலும் குழம்பும் மாத்திரமே துணையென்றால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். தேவையிற் பாதிகூட நிறையாது. குறைந்ததை உடல் தன் தசையிலிருந்தே எடுத்துப் பாலிற் சேர்க்கும். காலையில் இடியப்பத்தோடு ஒரு கைப்பிடி அவித்த பயறு, மத்தியானம் கட்டியாகக் காய்ச்சிய பருப்பில் ஒரு கைப்பிடிக்கு உரிய பங்கு, ஆக இரண்டு கைப்பிடிகள் பதினான்கு கிராம் தரும். உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்த, அறுபது கிராம் மீன்சதை பன்னிரண்டு தரும். ஒரு முட்டை ஆறு தரும். ஒரு சிறு கிண்ணம் தயிர் நான்கு தரும். இருபத்தைந்தும் பதினான்கும் பன்னிரண்டும் ஆறும் நான்கும் அறுபத்தொன்று. இதிற் கடையிலே பளபளக்கும் பேணி ஒன்றுகூடச் சேரவில்லை. மீன் உண்ணாதவள் மேலும் ஒரு கைப்பிடிக் கௌபியும் ஒரு பிடி கச்சானும் சேர்த்துக்கொண்டால் அதே எண்ணை எட்டுவாள்.

குழந்தையின் கணக்கு இன்னும் எளிது. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலே போதும். அதன்பின் உணவும், இரண்டு வயதுவரை தாய்ப்பாலும் சேர்ந்து செல்லவேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு பிடி அரிசியும், அரைக் கைப்பிடிப் பருப்பும், ஒரு தீப்பெட்டியளவு முள்ளில்லா மீன்சதையும் நாள்தோறும் கிடைத்து, தாய்ப்பாலும் தொடர்ந்தால் பதினொரு கிராம் நிறைந்துவிடும். பிள்ளையின் வயிறு சிறியது. ஆதலின் நீர்த்த சொதியால் அதை நிரப்பாமல், கட்டியான பருப்பிலே தேங்காயெண்ணெய் சிறிது விட்டுப் பிசைந்து, சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கவேண்டும். நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கும் நிலையங்களில் வழங்கப்படும் திரிபோஷா, 1973இல் தொடங்கிய திட்டத்தின் பயன். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த அதிலும் தானியமும் அவரையினமும் கைகோத்த அந்தப் பழைய சேர்க்கையே உள்ளது. ஒருவருக்கென்று தரும் பொதியை வீடு முழுவதும் பகிர்ந்து உண்டால் எவருக்கும் பயன் தராது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. புரதம் நல்லதென்று கேட்டு அளவுக்கு மேல் உண்பதாற் பலம் பெருகிவிடாது. மிஞ்சியதை உடல் எரித்துவிடும். சிறுநீரக நோயுற்றோர்க்கு மிகைப் புரதம் தீங்கும் செய்யலாம். பதவி சிறிபுரப் பகுதி போன்று அந்நோய் மிகுந்த இடங்களிலுள்ளோர் தத்தம் வைத்தியர் கூறும் அளவையே கைக்கொள்ளுதல் வேண்டும்.

சுருங்கச் சொல்லின், துறைமுக மாவட்டத்துச் சமையலறையில் மாற வேண்டியவை மூன்றே. பருப்பு நீராக அன்றிக் கட்டியாக ஆகவேண்டும். மீன் குழம்பாக அன்றிச் சதையாகப் பிள்ளையின் தட்டுக்குச் செல்லவேண்டும். தாயின் பங்கு, பரிமாறத் தொடங்குமுன்னரே ஒரு சிறு கோப்பையில் எடுத்து மூடிவைக்கப்பட வேண்டும். இதை அவளே செய்துகொள்வாள் என்று எதிர்பார்த்தல் வீண். தனக்கென எடுத்துவைக்க அவள் மனம் இடந்தராது. கடலிலிருந்து கறிமீனைக் கையிலேந்தி வருபவனே படலையைத் திறக்கும்போது, இதில் ஒரு துண்டு உனக்கு, ஒரு துண்டு பிள்ளைக்கு என்று சொல்லிக் கொடுத்தால் போதும். அவன் இரவெல்லாம் விழித்துக் கொண்டுவந்த மீன் அன்று வீட்டார் எல்லாரையும் சென்றடையும்.